சனி, ஞாயிறுகளில் பாடசாலை ஜிம்: ரொறன்ரோ விளையாட்டுக் குழுக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒக்டோபர் நடுப்பகுதியோடு ரொறன்ரோவின் பூங்காக்கள் வெளி விளையாட்டுக்கு விடைகொடுத்துவிடுகின்றன. அதன்பின் ஏப்ரல் கடைசி வரை கரப்பந்து, பட்மின்டன், கூடைப்பந்து எதுவானாலும் கூரைக்குக் கீழேதான். பழைய மாணவர் சங்கங்கள், ஊர்ச் சங்கங்கள், வேலைத்தல நண்பர்கள், பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் பெற்றோர் என எல்லோரும் ஏறத்தாழ ஒரே வாரத்தில் ஒரே கேள்வியோடு கிளம்புகிறார்கள்: சனி, ஞாயிறில் ஜிம், அதாவது பாடசாலையின் உள்ளக விளையாட்டுக்கூடம், எங்கே கிடைக்கும்? ஒரு சிறிய கழகத்துக்குப் பெர்மிட் எடுத்துக் கொடுப்பவன் என்பதால் என்னிடம் வந்து சேரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். ரொறன்ரோ மாவட்டக் கல்விச் சபையை மனதில் வைத்தே எழுதுகிறேன். ரொறன்ரோவைச் சுற்றியுள்ள யோர்க், பீல், டூரம் பகுதிகளிலும் அமைப்பு ஏறத்தாழ இதுதான். கட்டணமும் தேதிகளும் மாறும்.

வரி கட்டுகிறோம். பாடசாலை எங்களுடையதுதானே? ஜிம்மைப் பயன்படுத்த எங்களுக்கு உரிமை இல்லையா?

உரிமை இல்லை, அனுமதி உண்டு. பாடசாலைக் கட்டடம் கல்விச் சபையின் பொறுப்பில் இருக்கிறது. தன் கட்டடங்களைச் சட்டத்துக்குட்பட்ட தேவைகளுக்குப் பிறர் பயன்படுத்த விடும் அதிகாரத்தை ஒன்ராறியோ மாகாணத்தின் கல்விச் சட்டம் சபைக்குக் கொடுக்கிறது. கொடுத்தே தீர வேண்டும் என்று அது கட்டாயப்படுத்தவில்லை. அதனால்தான் எல்லாமே ‘பெர்மிட்’ என்ற ஒற்றைக் காகிதத்தைச் சுற்றி நடக்கிறது. எந்த நாள், எந்த நேரம், எந்த அறை, எத்தனை பேர், எந்த விளையாட்டு என்று அதில் எழுதியிருப்பது மட்டுமே உங்களுடையது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ரொறன்ரோவில் பொதுப்பணத்தில் இயங்கும் கல்விச் சபைகள் நான்கு: ஆங்கிலப் பொதுச் சபை (இதுதான் ரொறன்ரோ மாவட்டக் கல்விச் சபை), ஆங்கிலக் கத்தோலிக்கச் சபை, பிரெஞ்சுப் பொதுச் சபை, பிரெஞ்சுக் கத்தோலிக்கச் சபை. ஒரே தெருவில் எதிரெதிரே நிற்கும் இரண்டு பாடசாலைகள் இரண்டு வெவ்வேறு சபைகளுக்குச் சொந்தமாக இருக்கலாம். ஒன்றில் இடமில்லை என்றதும் மனம் தளர்ந்துவிடுகிறவர்கள் எதிர்ப்பக்கம் திரும்பிப் பார்ப்பதே இல்லை. ஒவ்வொரு சபைக்கும் தனித்தனியாக விண்ணப்பியுங்கள்.

வாரநாள் மாலையில் கிடைக்கும் ஜிம், சனி ஞாயிறில் ஏன் இவ்வளவு விலை? ஏன் இவ்வளவு தட்டுப்பாடு?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

நீங்கள் கொடுக்கும் பணத்தின் பெரும்பகுதி ஜிம்முக்கு வாடகை இல்லை. கதவைத் திறந்து, கட்டடத்துக்குள் பொறுப்பாக இருந்து, நீங்கள் போனபின் துடைத்துப் பூட்டுகிற பராமரிப்பாளரின் நேரத்துக்கே அந்தப் பணம் போகிறது. திங்கள் முதல் வெள்ளி வரை இரவுச் சுத்திகரிப்புக்காக அவர் எப்படியும் அங்கேதான் இருப்பார். அவர் வகுப்பறைகளைக் கூட்டிக்கொண்டிருக்கும்போது நீங்கள் ஜிம்மில் விளையாடினால் சபைக்குக் கூடுதல் செலவு அதிகமில்லை. சனிக்கிழமை கதை வேறு. கட்டடம் பூட்டியிருக்கும். உங்களுக்காகவே ஒருவரை மேலதிக நேர ஊதியத்தில் அழைக்க வேண்டும். வழக்கமாக நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யும் ஒருவரை வேலைக்கு அழைத்துவிட்டால், மூன்று மணி நேர ஊதியமாவது கொடுக்க வேண்டும் என்பது மாகாணத்தின் பொது வேலைவிதி. தொழிற்சங்க ஒப்பந்தங்கள் அதைவிட நல்ல ஏற்பாட்டை வைத்திருக்கலாம். விளையாட்டு தொடங்குமுன் திறக்கவும், முடிந்தபின் துப்புரவு செய்யவும் நேரம் வேண்டும். ஆக, இரண்டு மணி நேரம் விளையாட நீங்கள் கேட்கும்போது சபையின் கணக்கில் அது நான்கு மணி நேரம்.

இதிலிருந்து ஒரு நடைமுறை உண்மை வெளிவருகிறது. நீங்கள் தேட வேண்டியது காலியான ஜிம்மை அல்ல, ஏற்கனவே திறந்திருக்கும் கட்டடத்தை. சனிக்கிழமை காலையில் மொழி வகுப்புகள் நடக்கும் பாடசாலைகளைப் பாருங்கள். அவற்றில் தமிழ் வகுப்பு நடப்பவையும் உண்டு. அங்கே பராமரிப்பாளர் வேலையில் இருப்பார், வகுப்பறைகள் நிறைந்திருக்கும், ஜிம் மட்டும் சும்மா கிடக்கலாம். வகுப்பு முடிந்து பூட்டுவதற்கு முன் இரண்டு மணி நேரம் நீட்டிக்கக் கேட்பது, பூட்டிய கட்டடத்தைத் திறக்கக் கேட்பதைவிட எவ்வளவோ எளிது. உங்கள் பிள்ளையைத் தமிழ் வகுப்புக்குக் கொண்டுபோய் விடும்போது ஜிம் கதவின் கண்ணாடி வழியே ஒரு முறை எட்டிப் பாருங்கள். சபையின் அட்டவணை சொல்லாததை அது சொல்லும்.

அடுத்த வழி, கூட்டாகக் கேட்பது. ஒரே பாடசாலையில் ஒரே ஞாயிறு காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை நான்கு குழுக்கள் அடுத்தடுத்து விளையாடினால் திறப்பதும் பூட்டுவதும் ஒரு தடவைதான். நான்கு குழுக்கள் நான்கு பாடசாலைகளில் தனித்தனியே கேட்டால் நான்கு பேரை வேலைக்கு அழைக்க வேண்டும். பெரும்பாலும் நால்வருக்கும் ‘இல்லை’ என்ற பதிலே வரும். நம் சங்கங்களுக்கு இது புரியாமல் இல்லை. ஆனால் எந்தக் கல்லூரியின் பழைய மாணவர்கள் முதல் நேரத்தை எடுப்பது என்று பேசத் தொடங்கினால் அந்தக் கூட்டம் பங்குனியிலும் முடியாது.

முன்பெல்லாம் ஜிம் இலவசமாகவே கிடைத்ததாகப் பழையவர்கள் சொல்கிறார்கள். உண்மையா?

பல இடங்களில் இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ கிடைத்தது உண்மைதான். 1998 ஜனவரி 1 வரை, இன்றைய ரொறன்ரோவுக்குள் அடங்கும் ஸ்காபரோ, நோர்த் யோர்க், எட்டோபிக்கோ, யோர்க், ஈஸ்ட் யோர்க், பழைய ரொறன்ரோ ஒவ்வொன்றுக்கும் தனிக் கல்விச் சபை இருந்தது. அன்றிலிருந்து எல்லாம் ஒரே சபையாயின. அதே காலத்தில் கல்விக்கான சொத்துவரியை நிர்ணயிக்கும் அதிகாரத்தையும் மாகாணம் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. அதுவரை ஒரு சபை, ‘எங்கள் ஊர்க் குழுக்களுக்கு மாலையில் ஜிம் திறந்திருக்கட்டும்’ என்று முடிவெடுத்து அந்தச் செலவை உள்ளூர் வரியில் ஈடுகட்ட முடிந்தது. புதிய நிதிச் சூத்திரம் மாணவர் எண்ணிக்கையையும் வகுப்பறைப் பரப்பையும் வைத்துப் பணம் கொடுத்தது. பெரியவர்கள் இரவில் கரப்பந்து விளையாடுவதற்கு அதில் இடமில்லை. சபைகள் கட்டணத்தை உயர்த்தின; சாரணர் குழுக்கள் முதல் முதியோர் உடற்பயிற்சி வகுப்புகள் வரை பலர் ஜிம்களை விட்டுப் போனார்கள்.

எதிர்ப்பு வலுத்தபின் 2004இல் மாகாண அரசு ஆண்டுக்கு 2 கோடி டாலர் ஒதுக்கி, இலாப நோக்கற்ற குழுக்களுக்குக் கட்டணத்தைக் குறைக்கச் சபைகளிடம் கேட்டது. இன்று நீங்கள் காணும் சலுகைக் கட்டணத்தின் தொடக்கம் அதுதான். உதவித்தொகை கூடினால் கட்டணம் இறங்கும், அது அப்படியே நின்று ஊதியம் ஏறினால் கட்டணமும் ஏறும். எனவே சென்ற ஆண்டின் கணக்கை வைத்து இந்த ஆண்டு அங்கத்தவர்களிடம் பணம் சேர்க்காதீர்கள். கட்டண அட்டவணை வந்தபின் சேருங்கள்.

‘முன்னுரிமைப் பாடசாலை’ என்றால் என்ன?

மாகாணம் பின்னர் கொண்டுவந்த இன்னொரு ஏற்பாடு. வருமானம் குறைந்த பகுதிகளில் தெரிவுசெய்த பாடசாலைகளில், வகுப்பு நேரத்துக்குப் பின்னும் வார இறுதியிலும் இலாப நோக்கற்ற குழுக்கள் இலவசமாகவோ மிகக் குறைந்த செலவிலோ இடம் பெற வழிசெய்வது அதன் நோக்கம். ஸ்காபரோவில் இப்படிப்பட்ட பாடசாலைகள் இருந்ததால் நம் குழுக்கள் பல அதனால் பயனடைந்தன. எந்தப் பாடசாலை, எந்த நாள், என்ன நேரம் என்பதை ஆண்டுதோறும் சபையின் பெர்மிட் அலுவலகத்தில் புதிதாகக் கேட்டு உறுதிசெய்ய வேண்டும். இலவசம் என்றாலும் விண்ணப்பம், காப்புறுதி, விதிகள் எல்லாம் அப்படியே உண்டு.

எப்போது விண்ணப்பிக்க வேண்டும்?

நீங்கள் நினைப்பதற்கு நான்கு மாதம் முன்பே. பாடசாலை ஆண்டு செப்டம்பரில் தொடங்கினாலும் அடுத்த ஆண்டுக்கான விண்ணப்பங்களைச் சபைகள் வசந்த காலத்திலேயே வாங்கத் தொடங்கிவிடுகின்றன. குளிர் எட்டிப் பார்க்கும்போது ஜிம் தேடுகிறவருக்கு மிஞ்சுவது ஞாயிறு இரவும், யாரும் விரும்பாத தொலைதூரப் பாடசாலையும்தான். செப்டம்பர் முதல் வாரத்தில் விளையாடலாம் என்றும் எண்ணாதீர்கள். பாடசாலை தன் சொந்த அணிகளின் பயிற்சி நேரத்தை முடிவுசெய்த பிறகே வெளியாருக்கு நேரம் ஒதுக்கப்படும்.

வரிசையில் யாருக்கு முதலிடம்?

பாடசாலையின் சொந்தத் தேவைக்கு முதலிடம். அதில் வாதமே இல்லை. அடுத்து, கட்டடத்துக்குள்ளேயே இயங்கும் குழந்தைகள் காப்பகமும் சபையின் பிற திட்டங்களும். பிறகு சிறுவர், இளையோருக்கான இலாப நோக்கற்ற குழுக்கள், அதன்பின் பெரியவர்களுக்கான இலாப நோக்கற்ற குழுக்கள், கடைசியில் வணிக நிறுவனங்கள். கட்டணமும் ஏறத்தாழ இதே வரிசையில் ஏறும்.

காகிதத்தில் இது நியாயமாகவே தெரியும். நடைமுறையில் பல இடங்களில் இன்னொரு வரிசையும் இருக்கிறது: சென்ற ஆண்டு அந்த நேரத்தை வைத்திருந்தவர் இந்த ஆண்டும் கேட்டால் அவருக்கே முன்னுரிமை. தொடர்ச்சி வேண்டும் என்பது புரிகிறது; ஐம்பது பிள்ளைகளோடு இயங்கும் கூடைப்பந்துக் கழகத்தை ஆண்டுதோறும் இடம்மாற்ற முடியாது. ஆனால் நல்ல நேரங்கள் இப்படிப் பரம்பரைச் சொத்தாகிவிடுகின்றன. பத்து வருடத்துக்கு முன் வந்தவர்களிடம் சனிக்கிழமை மதியம் இருக்கும். புதிதாகக் குடிவந்தவர்களுக்கு ஞாயிறு இரவு ஒன்பது மணி. புதிய குழுக்களுக்கென ஒரு பங்கை ஒதுக்கிவைப்பது சபைகளுக்கு முடியாத காரியமில்லை என்பதே என் கருத்து. அது வரும் வரைக்கும், எந்த நேரம் கிடைத்தாலும் முதல் ஆண்டு எடுத்துவிடுங்கள். அடுத்த ஆண்டு நீங்களும் ‘பழையவர்’.

நாங்கள் பதிவுசெய்த சங்கம் இல்லை, பன்னிரண்டு நண்பர்கள். எங்களுக்குக் கிடைக்குமா?

கிடைக்கலாம். ஒருவர் தன் பெயரில் பொறுப்பேற்று விண்ணப்பிக்க வேண்டும். ஜன்னல் உடைந்தாலும் பணம் பாக்கியானாலும் கடிதம் அவர் வீட்டுக்குத்தான் வரும். சலுகைக் கட்டணம் கிடைப்பது மட்டும் கடினமாகிவிடும். நீங்கள் இலாப நோக்கற்றவர்கள் என்பதைக் காட்ட ஏதாவது ஆதாரம் கேட்பார்கள்.

இரண்டு மூன்று ஆண்டுகளாக நிலைத்து நிற்கும் குழு என்றால் இலாப நோக்கற்ற கூட்டுத்தாபனமாகப் பதிவுசெய்வது நல்லது. இதற்கான ஒன்ராறியோவின் புதிய சட்டம் 2010இல் நிறைவேறி 2021 ஒக்டோபர் 19 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. குறைந்தது மூன்று இயக்குநர்கள் வேண்டும். பதிவுசெய்தால் சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு திறக்கலாம், பெர்மிட்டும் தனிமனிதர் பெயரிலிருந்து சங்கத்தின் பெயருக்கு மாறும். இந்த இரண்டாவதை லேசாக எண்ண வேண்டாம். பெர்மிட் ஒருவர் பெயரில் இருந்து, அவர் கோபித்துக்கொண்டு போகும்போது ஜிம்மையும் கையோடு எடுத்துச் சென்ற கதைகள் ஸ்காபரோவில் ஏராளம்.

காப்புறுதி கட்டாயமா? எவ்வளவுக்கு?

கட்டாயம். மூன்றாம் தரப்புப் பொறுப்புக் காப்புறுதி வேண்டும். 20 லட்சம் டாலர் என்பது வழக்கமாகக் கேட்கப்படும் கீழெல்லை. சில சபைகள் அதற்கு மேலும் கேட்கும். சான்றிதழில் கல்விச் சபையின் பெயரும் கூடுதலாகக் காப்புறுதி பெற்ற தரப்பாக இருக்க வேண்டும். விண்ணப்பங்கள் திரும்பி வருவதற்கு மிகச் சாதாரணமான காரணம் இந்தப் பெயர் விடுபடுவதுதான். சபையின் முழுச் சட்டப்பெயரை எழுத்துக்கு எழுத்து சரிபார்த்து அனுப்புங்கள்.

மாகாண விளையாட்டுச் சங்கம் ஒன்றில் உங்கள் கழகம் உறுப்பினராக இருந்தால் அதன் வழியாகவே காப்புறுதி கிடைக்கலாம். இல்லாவிட்டால் பல சபைகள் பெர்மிட்டோடு சேர்த்துத் தாங்களே ஒரு குழுக் காப்புறுதியை விற்கின்றன. சிறிய குழுவுக்கு அதுவே மலிவு. ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். இந்தக் காப்புறுதி, உங்களால் பிறருக்கோ கட்டடத்துக்கோ சேதம் வந்து வழக்கு வந்தால் காக்கும். நீங்கள் தாவி விழுந்து முழங்கால் பிசகினால் மருத்துவமனைச் செலவை மாகாண மருத்துவத் திட்டம் பார்த்துக்கொள்ளும். அதன்பின் வரும் இயன்முறைச் சிகிச்சைக்குப் பெரும்பாலும் உங்கள் பணமோ வேலைத்தலக் காப்புறுதியோதான்.

எந்த ஜிம் எந்த விளையாட்டுக்குச் சரி?

‘ஜிம்’ என்று எழுதியிருப்பதெல்லாம் ஒன்றல்ல. கரப்பந்து மைதானத்தின் நீளம் 18 மீட்டர், அகலம் 9 மீட்டர். சுற்றிலும் ஓட இடம் வேறு வேண்டும். ஆரம்பப் பாடசாலைகளின் ஒற்றை ஜிம்களில் கோடு இருக்கும், சுற்றியிருக்கும் இடம்தான் இருக்காது. பந்தை எடுக்கப் பின்னால் ஓடினால் சுவர் வந்துவிடும். முழு அளவுக் கூடைப்பந்துக்கு உயர்நிலைப் பாடசாலைதான் சரி. பட்மின்டன் மைதானம் 13.4 மீட்டருக்கு 6.1 மீட்டர் என்பதால் சிறிய ஜிம்மிலும் அடங்கும். ஆனால் கூரை தாழ்வாக இருந்தால் உயரத் தூக்கி அடிக்கும் ஒவ்வொரு பந்தும் விட்டத்தில் முட்டும். அதுவே வேறொரு ஆட்டமாகிவிடும்.

விண்ணப்பிக்குமுன் மூன்றைக் கேளுங்கள். கம்பம் நடத் தரையில் குழி உண்டா? கம்பமும் வலையும் வெளியாருக்குத் தருவார்களா, நாமே கொண்டுவர வேண்டுமா? பெரிய ஜிம்மை நடுத்திரை போட்டுப் பிரித்துவிட்டு நமக்குப் பாதிதான் தருகிறார்களா? கம்பம் பற்றிய கேள்வியை நம் கரப்பந்துக்காரர்கள் மறக்கவே கூடாது. நம்மிடையே உள்ள இரண்டு கரப்பந்து முறைகளில், ‘ஓவர்’ விளையாடுகிறவர்களுக்கும் ‘செற்றப்’ விளையாடுகிறவர்களுக்கும் வலை உயரத்தில் ஆயிரம் கருத்து வேறுபாடு இருக்கலாம். வலையே இல்லை என்றால் அந்த விவாதத்துக்கே வேலையில்லை.

கோடு பதியாத அடிப்பாகமுள்ள சப்பாத்து மட்டும். பனியில் நடந்து வந்த சப்பாத்தோடு மரத்தரையில் கால் வைத்தால் அடுத்த ஆண்டு விண்ணப்பத்தை மறந்துவிடலாம்.

உள்ளே கிரிக்கெட் விளையாடலாமா?

மென்பந்தில் பயிற்சி என்றால் சில இடங்களில் அனுமதிப்பார்கள். விண்ணப்பத்தில் ‘கிரிக்கெட்’ என்றே எழுதுங்கள். பட்மின்டன் என்று எழுதிவிட்டு மட்டையோடு போவது பெர்மிட்டை இழக்கும் வழி.

சாப்பாடு கொண்டுபோகலாமா?

ஜிம்முக்குள் தண்ணீர் மட்டும். சுற்றுப்போட்டி நாளில் கொத்துரொட்டியும் தேநீரும் வேண்டுமென்றால் உணவறைக்கோ மண்டபத்துக்கோ சேர்த்து பெர்மிட் எடுங்கள். மதுவுக்கு இடமே இல்லை. பாடசாலை வளாகத்திலும் அதன் எல்லையிலிருந்து 20 மீட்டருக்குள் உள்ள பொது இடங்களிலும் புகைபிடிப்பதும் ஆவிச் சிகரெட்டும் மாகாணச் சட்டப்படி குற்றம். வாகனத் தரிப்பிடமும் வளாகம்தான்.

அதிபரைத் தெரியும். அவரிடம் நேரே கேட்டால் போதாதா?

பெர்மிட்டைத் தருவது சபையின் அலுவலகம்; அதிபர் தனியாகத் தர முடியாது. ஆனால் பாடசாலைக்கு எந்த நாள் ஜிம் தேவை என்று சொல்வது அவர்தான். நல்லுறவு வீண்போகாது. அதைவிடப் பெரிய உறவு பராமரிப்பாளருடையது. அவர் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், கதிரைகளை எடுத்த இடத்தில் வையுங்கள், சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே ஆட்டத்தை நிறுத்துங்கள். ‘இந்தக் குழுவால் தொல்லையில்லை’ என்று அவர் சொல்லும் ஒரு வார்த்தை அலுவலகத்தில் எடுபடும்.

போய் நிற்கிறோம், கதவு பூட்டியிருக்கிறது. என்ன செய்வது?

பெர்மிட்டின் பிரதியை எப்போதும் கையில் வைத்திருங்கள்; தொலைபேசியில் இருந்தாலும் போதும். முதலில் அதில் குறித்திருக்கும் வாசல் எது என்று பாருங்கள். பாதித் தடவை ஆள் நிற்பது வேறு வாசலில்தான். பிறகு அதில் கொடுத்திருக்கும் அவசர எண்ணுக்கு அழையுங்கள். நேரத்தைக் குறித்து, பூட்டிய கதவைப் படமெடுத்து, அன்றே மின்னஞ்சல் அனுப்பிப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். மூன்று வாரம் கழித்துக் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது.

பிந்தி வருகிறவர்களுக்காகக் கதவில் கல் வைத்துத் திறந்துவிடுவது பெரிய குற்றமாகக் கருதப்படும். ஒருவரை வாசலில் நிறுத்துங்கள்.

பெர்மிட் கையில் இருந்தும் ரத்தாகுமா?

ஆகும், அதற்குச் சட்டப்படி இடமும் இருக்கிறது. பாடசாலையின் சொந்த நிகழ்ச்சி, தேர்வு, நாடகம், பெற்றோர் சந்திப்பு ஆகியவை அடிக்கடி வரும் காரணங்கள். ஜனவரியில் தமிழ் மரபுத் திங்கள் விழாக்களும் பொங்கல் விழாக்களும் மண்டபங்களைப் பிடிக்கும்போது நம்மவர்களாலேயே நம்மவர்களின் ஆட்டம் இடம்பெயர்வதும் உண்டு. பாடசாலைகள் வாக்குச்சாவடிகளாவதால் தேர்தலும் ஒரு காரணம். தேர்தல் ஆண்டில் முன்கூட்டிய வாக்களிப்பு நாள்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். கடும் பனியில் கட்டடம் மூடப்பட்டால் உங்கள் ஆட்டமும் போயிற்று. நீண்ட வார இறுதிகள், குளிர்கால விடுமுறை, மார்ச் விடுமுறை ஆகியவற்றில் பெர்மிட் பொதுவாக ஓடாது. 30 வாரம் என்று பணம் சேர்த்துவிட்டு 24 வாரம் விளையாடிய குழுவில் பொருளாளரை யாரும் நம்பமாட்டார்கள்.

தொழிற்சங்கப் போராட்டமும் இருக்கிறது. 2022 நவம்பரில் கல்வி ஊழியர்களின் வேலைநிறுத்த உரிமையை மாகாண அரசு சட்டம் போட்டுப் பறித்தபோது, அதை மீறி அவர்கள் வெளியே வந்தார்கள், பாடசாலைகள் மூடப்பட்டன. பராமரிப்பாளர்களும் அவர்களில் அடக்கம். ஜிம் போய்விட்டதே என்று அன்று கோபப்பட்டவர்கள் இருந்தார்கள். அந்த ஜிம் நமக்குத் திறப்பதே அவர்களுடைய ஞாயிற்றுக்கிழமையால்தான் என்பதை எண்ணிப் பார்த்தால் கோபம் வேறு பக்கம் திரும்பும்.

பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறோம். கூடுதலாக என்ன தேவை?

பயிற்சியாளர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பொலிஸ் சான்று வேண்டும், அதுவும் சிறுவர் போன்றவர்களோடு பழகுவோருக்கான விரிவான வகை. அது கைக்கு வரச் சில வாரங்கள் ஆகலாம் என்பதால் கோடையிலேயே விண்ணப்பியுங்கள். ‘எல்லோரும் தெரிந்த ஆட்கள்தானே’ என்று இதைத் தவிர்க்கும் குழுவில் என் பிள்ளையை நான் விடமாட்டேன்.

தலையில் அடிபடுவது பற்றிய ரோவன் சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2013இல் ரக்பி ஆட்டத்தில் அடுத்தடுத்துத் தலையில் அடிபட்டு இறந்த ஒட்டாவா மாணவி ரோவன் ஸ்ட்ரிங்கரின் பெயரில் 2018இல் நிறைவேறியது. இதன் கீழ் வரும் கழகங்களில் 26 வயதுக்குட்பட்ட வீரர்களும், 18 வயதுக்குட்பட்டோரின் பெற்றோரும் தலை அதிர்ச்சி பற்றிய மாகாணத்தின் விளக்கத்தை ஆண்டுதோறும் படித்து உறுதிப்படுத்த வேண்டும். அடிபட்டதாகச் சந்தேகம் வந்தாலே வீரரை வெளியே எடுக்க வேண்டும். மருத்துவரோ மேல்தகுதி பெற்ற செவிலியரோ (nurse practitioner) பார்த்துச் சொல்லாமல் திரும்ப இறக்கக் கூடாது. கரப்பந்துக்கு இது எதற்கு என்று கேட்பவர்கள், வலைக்கருகில் இரண்டு பேர் மோதிக்கொண்டதைப் பார்த்திராதவர்கள்.

கட்டடத்தில், இதயம் நின்றுபோனால் மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி (AED) எங்கே மாட்டியிருக்கிறது என்பதை முதல் நாளே பாருங்கள். பூட்டிய அலுவலகத்துக்குள் இருந்தால் வார இறுதியில் எப்படி எடுப்பது என்று பராமரிப்பாளரிடம் கேட்டு வையுங்கள். இது பிள்ளைகளைவிட, வாரத்தில் ஐந்து நாள் கதிரையில் உட்கார்ந்துவிட்டு ஆறாம் நாள் இருபது வயதுபோல் தாவும் அப்பாக்களுக்கு அவசியம்.

எங்கள் நேரத்தை இந்த மாதம் வேறு குழுவுக்குக் கொடுக்கலாமா?

கூடாது. பெர்மிட் கைமாற்றத் தக்கதில்லை. காப்புறுதியும் உங்கள் குழுவுக்கு மட்டும்தான். சலுகைக் கட்டணத்தில் நேரம் எடுத்து மேல்விலைக்கு விற்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் வாங்கி விளையாடும் குழு, விபத்து நடந்தால் நடுத்தெருவில் நிற்கும். தேவையில்லாத நாள்களை விதிகள் சொல்லும் கால அவகாசத்துக்குள் சபையிடமே திருப்பிக் கொடுங்கள்.

எங்கள் பாடசாலை ஜிம் ஞாயிறு முழுவதும் இருட்டாகக் கிடக்கிறது. யாரிடம் முறையிடுவது?

முதலில் அது உண்மையிலேயே காலியா என்று பாருங்கள். சில நேரம் அட்டவணையில் ஒரு குழு எழுதப்பட்டிருக்கும், வருவதே இல்லை. ‘வந்தாலும் வரலாம்’ என்று நேரத்தைப் பிடித்து வைத்திருப்பவர்களால் போகும் நேரம் கொஞ்சமல்ல. தேதி குறித்து இதைச் சபைக்குத் தெரிவிப்பது கோள் சொல்வதாகாது.

அட்டவணையும் காலி, தரவும் மறுக்கிறார்கள் என்றால் பதில் பெரும்பாலும் பராமரிப்பாளர் செலவும் ஆள் பற்றாக்குறையும். ரொறன்ரோ மாவட்டக் கல்விச் சபையின் கட்டடங்களில் தேங்கிக் கிடக்கும் பழுதுபார்ப்பு வேலையின் மதிப்பே 400 கோடி டாலருக்கு மேல். ஒழுகும் கூரையைப் பார்ப்பதா, ஞாயிறு ஜிம்மைப் பார்ப்பதா என்ற கேள்வியில் ஜிம் தோற்பது வியப்பில்லை.

முன்பென்றால் உங்கள் வட்டாரத்துக்குத் தெரிவான கல்விச் சபை உறுப்பினரிடம் போங்கள் என்று சொல்லியிருப்பேன். 2025 ஜூன் இறுதியில் மாகாண அரசு ரொறன்ரோவின் இரண்டு ஆங்கிலச் சபைகள் உட்பட நான்கு சபைகளைத் தன் மேற்பார்வைக்குள் கொண்டுவந்து, முடிவெடுக்கும் அதிகாரத்தைத் தான் நியமித்தவர்களிடம் கொடுத்தது. எனவே உங்கள் கடிதம் மாகாண நாடாளுமன்ற உறுப்பினருக்கும் கல்வி அமைச்சுக்கும் போக வேண்டும். ‘எங்களுக்கு ஜிம் வேண்டும்’ என்று ஒரு குழு எழுதுவதைவிட, ‘இந்தப் பாடசாலையில் ஞாயிறு முழுநாளும் நிரப்ப நான்கு குழுக்கள் தயார், பராமரிப்பாளர் செலவைப் பகிர்கிறோம்’ என்று நான்கு கையெழுத்தோடு எழுதுவதற்குப் பலன் அதிகம். அதில் அவர்களுக்கு மறுக்கக் கடினமான கணக்கு ஒன்று இருக்கிறது.

எங்குமே கிடைக்கவில்லை. மாற்று வழி?

நகரசபையின் சமூக மையங்களில் தனியாட்கள் வந்து விளையாடும் நேரங்கள் உண்டு; குறிப்பிட்ட சில மையங்களில் அவை இலவசம். 2015 பான் அமெரிக்க விளையாட்டுகளுக்காக ஸ்காபரோவில் கட்டிய விளையாட்டு மையத்தில் நல்ல தரையும் உயர்ந்த கூரையும் இருக்கின்றன, கூட்டமும் அதற்கேற்ப. தேவாலயங்கள் சிலவற்றில் சொந்த ஜிம் உண்டு, காகித வேலையும் குறைவு. மார்க்கம், ஸ்காபரோப் பகுதிகளின் தனியார் பட்மின்டன் கூடங்கள் மைதானத்தை மணிக்கணக்கில் தருகின்றன. நான்கு பேர் பகிர்ந்தால் தாங்கும், பன்னிரண்டு பேர் கொண்ட கரப்பந்து அணிக்கு அது உதவாது.

பலருக்குத் தோன்றாத வழி, ஏற்கனவே பெர்மிட் வைத்திருக்கும் குழுவில் சேர்ந்துவிடுவது. ஜனவரிக்குப் பின் பாதிக் குழுக்களில் ஆள் குறைந்துவிடும். பணம் கட்டிய ஜிம்மில் எட்டுப் பேரோடு தவிக்கும் அமைப்பாளர் உங்களை இரு கை நீட்டி வரவேற்பார்.

கோடையில் ஜிம் கிடைக்குமா?

ஜூன் நடுப்பகுதியோடு வழக்கமான பெர்மிட்டுகள் முடிந்துவிடும். ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் தரை மெருகிடுதல், கூரை வேலை, கோடை முகாம்கள் என்று கட்டடங்கள் வேறு கைகளில் இருக்கும். பல ஜிம்களில் குளிரூட்டியும் இல்லை. வெளியே விளையாடுங்கள். பூங்கா மைதானத்துக்கு அனுமதி தருவது நகரசபை. அதற்கான விண்ணப்பமும் குளிர்காலத்திலேயே தொடங்கிவிடும்.